வேட்டைக்காரர் வரிசை

மீரான் மைதீன் என்ற பெயருடைய யாரோ ஒருவர் மேல் அமெரிக்க அரசாங்கத்துக்குக் கோபம். அந்த யாரோ எங்கே இருக்கிறார், என்ன செய்தார், இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் அரசாங்கத்துக்கே சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற காயல்பட்டினத்து மீரான் மைதீன் அவர் இல்லை என்பதுதான். அதிகாரிகள் இதை ஒவ்வொரு தடவையும் மிக மரியாதையாக ஒப்புக்கொள்வார்கள். விசாரித்து முடித்த பிறகு ஒப்புக்கொள்வார்கள். அதற்குள் விமானம் போயிருக்கும்.

போன வருஷம் வாப்பா மவுத்தான அன்றும் அப்படித்தான் ஆனது. செய்தி வந்த கையோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினான். கவுன்ட்டரில் இருந்த பெண் அவன் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். அவளுடைய புன்னகை, கரன்ட் போன வீடு மாதிரி அணைந்தது. ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். தந்தை எப்போது இறந்தார் என்று ஓர் அதிகாரி கேட்டார். இன்று காலை என்றான். "அப்படியானால் இந்தப் பயணம் முன்கூட்டியே திட்டமிட்டதில்லை?" என்றார். இல்லை என்றான். "அதுதான் எங்களுக்கு உறுத்துகிறது" என்று அவர் எழுதிக்கொண்டார். ஜனாஸா அடக்கம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மீரான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கபரின் மண் காய்ந்திருந்தது.

இப்போது தங்கை ஃபைஹாவுக்கு நிக்காஹ். வாப்பா இல்லாத வீட்டில் பெண்ணை மணமகன் கையில் கொடுக்க வேண்டியவன் அண்ணன். மனைவி அமீனா மகள் மஹாவை அழைத்துக்கொண்டு முன்னாடியே ஊருக்குப் போய்விட்டாள். அவர்கள் பெயர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. தினமும் போனில் அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

"மச்சான், உம்மா எதுவும் கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க வருவீங்களான்னுகூட கேக்கல. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

மீரானுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவன் கேன்டீனில் வைத்து செல்வராஜிடம் சொன்னான்.

செல்வராஜ் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். இர்விங்கில் வீடு. அமெரிக்கக் குடிமகன் ஆன மறுவாரம் ஒரு பிக்கப் டிரக் வாங்கினார், அடுத்த மாதம் ஒரு தொப்பி, அதற்கடுத்து ஒரு ரைஃபிள். மான் சீசனில் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போய், மரத்தின் மேல் கட்டிய பெட்டிக்குள் குளிரில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் சுடாமல் திரும்புவார். அவர் மனைவி சாந்தாமணி துப்பாக்கியை கராஜைத் தாண்டி உள்ளே விடுவதில்லை.

"ஏப்பா மீரான், நானு சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதே" என்று ஆரம்பித்தார் செல்வராஜ். "துப்பாக்கிய எடுத்துட்டு ஏர்போர்ட் போனா 'குட் லக் சார்'ங்கறானுக. சாந்தாமணி கட்டிக் குடுத்த பருப்புப் பொடிய எடுத்துட்டுப் போனா நாயக் கூட்டியாந்து மோந்து பாக்க வுடறானுக. இந்த நாட்டுல துப்பாக்கி வெச்சிருக்கறவன் நல்லவன்ப்பா. அது இல்லாதவனப் பாத்தாத்தான் இவனுகளுக்கு பயம்."

மீரான் சிரித்தான். செல்வராஜ் சிரிக்கவில்லை. கம்பெனி வைஸ் பிரசிடென்ட் நஞ்சுண்டனுக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று சொன்னார்.

நஞ்சுண்டன் கோயமுத்தூரில் இருந்த வரைக்கும் எலிக்குக்கூட மருந்து வைத்ததில்லை. டெக்சாஸில் பெரிய பெரிய ஒப்பந்தங்களெல்லாம் மரத்தின் மேல் கட்டிய பெட்டிகளுக்குள்தான் முடிவாகின்றன என்று கண்டுபிடித்ததிலிருந்து அவர் வேட்டைக்காரர். இப்போது ஐரோப்பாவில் ஓர் ஊரில் இருந்தார். வாடிக்கையாளர்களோடு காட்டுப் பன்றி வேட்டை. டோக்கியோ கூட்டத்திலிருந்து நேராகப் போனதால், அவருடைய பிரியமான ரைஃபிள் டெக்சாஸிலேயே தங்கிவிட்டது. மீரான் சென்னைக்குப் போகும் வழியில் விமானம் மாறுவது அதே ஊரில்தான். அந்த ஊரின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மறுப்புக் கடிதம் எழுதுவார்கள். அதனால் சொல்லவில்லை.

நஞ்சுண்டனே போனில் பேசினார். "சிம்பிள் மேட்டர், மீரான். ட்ரான்ஸிட்ல வெளிய வர்றீங்க, கேஸை என் கைல குடுக்கறீங்க, ஒரு காபி சாப்பிடறோம், நீங்க சென்னை ஃப்ளைட்டைப் பிடிக்கறீங்க. ரைஃபிளுக்கு எல்லா பர்மிட்டும் ரெடி. கொண்டு வர்ற ஆள்னு உங்க பேரையும் ஆட் பண்ணிட்டேன். ஃபேமிலி ஃபங்ஷனா? கிரேட். என் விஷஸ் சொல்லுங்க."

மீரான் ஒரு நாள் யோசித்தான். கபரின் காய்ந்த மண் ஞாபகம் வந்தது. சரி என்றான்.

கிரீன் கார்டு இல்லாதவன் துப்பாக்கியைத் தொட்டால் குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் குற்றமில்லை. மீரான் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு வருஷக் கணக்காகிறது. பெயர்ச் சோதனை முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வரும். மீரான் மைதீன் என்பவன் நம்பத் தகுந்தவனா என்று வாஷிங்டனில் ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதே கேள்வியை, விளையாட்டுச் சாமான் கடைக் கவுன்ட்டரில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு பையன் மென்று முடிப்பதற்குள் முடிவுசெய்து லைசென்ஸை அச்சடித்துக் கொடுத்தான்.

அதற்கு முன் ஒரு வகுப்பு இருந்தது. பசுமாட்டைச் சுடக் கூடாது, சாலையைச் சுடக் கூடாது, கூட வந்தவரைச் சுடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மீரான் நல்ல மார்க் வாங்கினான். துப்பாக்கியால் எப்படிச் சுடுவது என்று யாரும் கேட்கவில்லையே என்று ஆசிரியரிடம் தயக்கத்தோடு சொன்னான். அந்தப் பெரியவர் அவன் தோளில் கை வைத்தார். "மகனே, சுடத் தெரியுமா என்பது உனக்கும் மானுக்கும் இடையில் உள்ள விஷயம். இந்த அட்டையை வைத்திருப்பவன் நல்ல மனிதன் என்பது மட்டும்தான் இந்த மாநிலத்தின் கருத்து" என்றார்.

கிளம்பும் நாளில் செல்வராஜ் தன் டிரக்கில் அவனையும் நீளமான கறுப்புப் பெட்டியையும் ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டார். பெட்டிக்கு இரண்டு பூட்டு. உள்ளே ரைஃபிள் குண்டு இல்லாமல் மெத்தையில் படுத்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மீரானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த முகத்தோடு, இந்தப் பெயரோடு, கையில் துப்பாக்கியோடு ஏர்போர்ட்டுக்குள் நுழைகிறவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தான். செல்வராஜ் தொப்பியை எடுத்து ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கவுன்ட்டர் பெண் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வேட்டையா சார்?"

ஆமாம் என்றான். பெயரைத் தட்டினாள். திரை ஏதோ சொன்னது. மீரான் அந்தப் புன்னகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அணையப் போகிற நேரத்தில் அவள் கண் மறுபடி பெட்டியின் மேல் விழுந்தது. புன்னகை திரும்பி வந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், கை கொடுத்தார்.

"இந்தப் பெயருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. கவலை வேண்டாம், வேட்டைக்காரர்களுக்கு அது பொருந்தாது" என்றார்.

மீரானுக்கு நாக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஏன் பொருந்தாது என்று கேட்டுவிட்டான். அவர் இந்தக் கேள்விக்காகவே சம்பளம் வாங்குகிறவர் போல விளக்கினார்.

"தீய எண்ணம் உள்ளவன் துப்பாக்கியைக் காட்டிவிட்டு வர மாட்டான் சார். மறைத்து எடுத்து வருவான். அதனால் துப்பாக்கியைக் காட்டுகிறவரை நாங்கள் முழுமையாக நம்புகிறோம்."

"துப்பாக்கியே இல்லாமல் வருகிறவர்கள்?"

"அவர்களிடம்தான் சிக்கல். அவர்கள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே. எதை வைத்து நம்புவது?"

வேட்டைக்காரர்களுக்குத் தனி வரிசை. அதில் கம்பளம் விரித்திருந்தார்கள். பக்கத்து வரிசையில் ஒரு கிழவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீரானிடம் யாரும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. கைப்பையை மட்டும் திறந்தார்கள். ஃபைஹா ஆசையாகக் கேட்டு அவன் வாங்கியிருந்த வாசனை லோஷன் பாட்டில் உள்ளே இருந்தது. சோதனை அதிகாரி அதை வெளியே எடுத்தார். இவ்வளவு பெரிய பாட்டிலில் திரவம் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நண்பனிடம் பேசுவது போல, "இதைப் பூசிக்கொண்டு காட்டுக்குப் போனால் பன்றி ஒரு மைல் தூரத்திலேயே ஓடிவிடும் சார்" என்று சொல்லி, அவன் நன்மைக்காக அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மீரான் நன்றி சொன்னான்.

அதற்குள் கவுன்ட்டர் பெண் பெட்டியின் சீட்டை அச்சடித்துப் பெட்டியில் ஒட்டிவிட்டிருந்தாள். பெட்டியை ஒப்படைக்கத் திரும்பி வந்த மீரான் அதை வாசித்தான். சென்னை என்று இருந்தது.

சென்னையில் இந்தப் பெட்டியோடு இறங்கினால் நிக்காஹ் மேடைக்குப் போக முடியாது, புழல் சிறைக்குத்தான் போக முடியும். ரைஃபிள் வழியில் இறங்குகிறது, அங்கே ஒருவர் வாங்கிக்கொள்வார், தயவுசெய்து அந்த ஊருக்கு மட்டும் போடுங்கள் என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள். "நீங்கள் சென்னைக்குத்தானே போகிறீர்கள் சார்? ஆயுதம் பயணியை விட்டுப் பிரியக் கூடாது." பிறகு, மெல்ல, "ஏன் பிரிக்க நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

கேட்கும்போது அந்தப் புன்னகை ஒரு நூல் குறைந்தது. ஒரே ஒரு நூல்தான். மீரான் அதைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவன் பெயரைப் பார்த்த பிறகு யாரும் சிரித்ததில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அந்தச் சிரிப்பு போய்விடும், அந்த அறை திறக்கும், விமானம் போய்விடும். வழியில் சரிபண்ணிக்கொள்ளலாம், நஞ்சுண்டன் சார் இருக்கிறாரே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"இல்லை, சும்மா கேட்டேன்" என்றான்.

"நல்ல வேட்டை அமையட்டும் சார்" என்றாள் அவள்.

விமானத்தில் வேட்டைக்காரர்களுக்குக் கால் நீட்டி உட்காரும் இருக்கை. பணிப்பெண் வந்து, கேப்டன் வாழ்த்துச் சொல்லச் சொன்னார் என்றாள். பக்கத்து இருக்கைக்காரர் தான் சுட்ட மிருகங்களின் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையையும் கொம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார். நீங்கள் இதுவரை சுட்டதிலேயே பெரியது எது என்று கேட்டார். மீரான் கண்ணை மூடித் தூங்குவது போல் இருந்தான். தூங்கவில்லை.

பெயர் சொல்லாத அந்த ஊரில் இறங்கியதும், அவனுடைய பெயரை எழுதிய பலகையோடு ஒருவர் நின்றார். அவனை அழைத்துப்போக அல்ல, அவனையும் ரைஃபிளையும் சேர்த்து அழைத்துப்போக. வேட்டைக்காரர் ஓய்வறையில் உட்கார வைத்தார்கள். தோல் சோபா, காபி, சுவர் முழுக்க மான் தலைகள். கறுப்புப் பெட்டி கண்ணாடிக்குப் பின்னால் தனி மேடையில் இருந்தது. மாலையில் சென்னை விமானம். அதில் ஏறினால் நாளைக் காலையில் சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி, நாளை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நடக்கும் நிக்காஹுக்கு வீட்டில் இருக்கலாம். மீரான் பிரச்சினையைச் சொன்னான்.

அந்த ஓய்வறைக்குப் பொறுப்பான அதிகாரி உயரமான மனிதர். மிகவும் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"முதலில், இந்த ரைஃபிள் சென்னைக்குப் போக முடியாது. இந்தியாவின் அனுமதி இல்லை. நீங்கள் சொன்னதே சரி."

மீரானுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் அதை இங்கேயே வெளியே கொண்டுபோய் நஞ்சுண்டன் சாரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

"தாராளமாக. ரைஃபிளுக்கு எங்கள் நாட்டின் நுழைவு அனுமதி பக்காவாக இருக்கிறது." அவர் மீரானின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உங்களுக்குத்தான் இல்லை."

நஞ்சுண்டனுக்கு அமெரிக்க நீலப் பாஸ்போர்ட் கிடைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. நாட்டுக்கு நாடு விசா வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மீரானுக்கு அது மறக்கவில்லை. வைஸ் பிரசிடென்ட் ஒரு விஷயத்தைச் சொன்னால் விசாவும் அதில் அடக்கம் என்று நினைத்துவிட்டான். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே காத்திருப்பவரை உள்ளே வரச் சொல்லி அவரிடம் நீங்களே பெட்டியைக் கொடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சினான். அதிகாரி தலையசைத்தார். கொண்டுவந்தவர் தன் கையால், தன் வாயால், நேரில் நின்று கொடுக்க வேண்டும். ஆயுத விஷயத்தில் பிரதிநிதி செல்லாது. ஒப்படைக்கும் அறை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"அப்படியானால் ரைஃபிள் இங்கே இருக்கட்டும். நான் மட்டும் சென்னைக்குப் போகிறேன்."

"ஆயுதம் பயணியை விட்டுப் பிரியக் கூடாது."

"அது போக முடியாது என்றீர்கள்."

"அதனால் நீங்களும் போக முடியாது" என்றார் அதிகாரி. மீரானுக்கு இது புரிந்துவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி.

மீரான் கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். அது நிம்மதியாகப் படுத்திருந்தது. எனக்கு இந்த ரைஃபிளே வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கடலில் போடுங்கள், என் தங்கைக்கு நாளைக்கு நிக்காஹ் என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதிகாரி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மிஸ்டர் மைதீன், நான் உங்கள் நண்பனாகச் சொல்கிறேன். ரைஃபிளோடு இருக்கும் மீரான் மைதீன் வேட்டைக்காரர். அவரைப் பற்றி எங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. ரைஃபிளை ஒரு விமான நிலையத்தில் போட்டுவிட்டு ஓடும் மீரான் மைதீனைப் பற்றி இந்தத் திரையில் நிறைய கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் இப்போது எந்த மீரான் மைதீன்?"

மீரான் சோபாவில் உட்கார்ந்தான். அந்தப் பெண் மறுபடி காபி ஊற்றினாள்.

வழி இல்லாமல் இல்லை என்று அதிகாரி ஆறுதல் சொன்னார். ஆயுத ஒப்படைப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது மனசு வைத்தால் வேட்டைக்காரரை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அறைக்கு அழைத்துப்போய், ஒப்படைக்க வைத்து, திருப்பி அழைத்து வரலாம். அந்தக் குழு எப்போது கூடும் என்று மீரான் கேட்டான். நாளை நண்பகல் என்றார். இங்கே நண்பகல் என்றால் காயல்பட்டினத்தில் அஸர்.

"என் தந்தை அடக்கத்துக்கே என்னால் போக முடியவில்லை சார்" என்றான் மீரான். அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்போது உங்களிடம் ரைஃபிள் இருந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை."

"பார்த்தீர்களா" என்றார் அவர்.

மாலை விமானம் அவன் இல்லாமல் புறப்பட்டது. ஓய்வறையின் பெரிய ஜன்னல் வழியாக அது ஓடி எழுவது நன்றாகத் தெரிந்தது. வேட்டைக்காரர்களுக்கு நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். மீரான் நஞ்சுண்டனுக்குப் போன் செய்தான். ரைஃபிள் பத்திரமா என்று முதலில் கேட்டார், நாளை நண்பகல் வந்துவிடுகிறேன் என்றார், இவங்க சிஸ்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட், அதுதான் எனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார். அமீனாவுக்குப் போன் செய்தபோது அவள் திட்டவில்லை. ஹாமித் மாமாவிடம் சொல்லி, வேறு வழி உண்டா என்று பள்ளிவாசல் கத்தீபைக் கேட்கச் சொல்கிறேன் என்றாள்.

கத்தீப் சொன்ன பதில் எளிமையானது. அண்ணன் வர முடியாவிட்டால் போனில் வகாலத்துக் கொடுக்கலாம். அவன் சார்பில் ஹாமித் மாமா பெண்ணைக் கொடுப்பார். அண்ணன் குரலைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக்கு இருந்தால் போதும்.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் மீரான் சோபாவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், குழந்தைகள் சத்தம், மஹா யாரையோ துரத்துகிற சத்தம். பிறகு யாரோ எல்லோரையும் அடக்கினார்கள்.

"மீரான் தம்பி, உங்க தங்கச்சி ஃபைஹாவ நிக்காஹ் செஞ்சு குடுக்க ஹாமித் மாமாவுக்கு வகாலத்து குடுக்குறீங்களா?" என்றார் கத்தீப்.

"குடுக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. சாட்சிகள் கேட்டோம் என்றார்கள். போன் கை மாறியது.

"காக்கா" என்று அண்ணனைக் கூப்பிட்டாள் ஃபைஹா. "எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்லதாம்மா."

"வாப்பா மவுத்தப்ப மாதிரி ரூம்ல புடிச்சு வச்சிருக்காங்களா?"

மீரான் சோபாவைப் பார்த்தான். காபியைப் பார்த்தான். தட்டில் பிஸ்கட் அடுக்கியிருந்தார்கள்.

"இல்லம்மா. மரியாதையாத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப ஏன் வரல?"

வாப்பா விஷயத்தில் சொல்வதற்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது. பிடித்து வைத்தார்கள், விடவில்லை. உம்மாவும் அதை ஏற்றுக்கொண்டாள். இப்போது என்ன சொல்வது? கவுன்ட்டரில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று தங்கையிடம் எப்படிச் சொல்வது? அவன் ஒன்றும் சொல்வதற்குள், பெண்ணை உள்ளே கூட்டிப் போங்க என்று யாரோ சொன்னார்கள். போன் அணைந்தது.

உயரமான அதிகாரி வாசலில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். குழு மனசு வைத்துவிட்டது என்றார்.

ஒப்படைப்பு அறை அழகாக இருந்தது. மேஜையில் பச்சைத் துணி விரித்து, அதன் மேல் கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார்கள். எதிரே நஞ்சுண்டன் கோட்டு சூட்டு போட்டுத் தலையை வாரிக்கொண்டு நின்றார். குழுத் தலைவர் நடுவில் அமர்ந்தார். இந்தப் பக்கம் ஒரு சாட்சி, அந்தப் பக்கம் ஒரு சாட்சி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சிறிய உரை ஆற்றினார். ஆயுதம் என்பது பொருள் அல்ல, பொறுப்பு என்றார். ஒரு மனிதர் தன் ஆயுதத்தை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது அதை அவசரமாகச் செய்ய விட முடியாது, போன் மூலமாகவோ வேறொருவர் மூலமாகவோ செய்ய விட்டால் நாகரிகத்துக்கு அர்த்தமே இல்லை என்றார். உலகத்தில் எல்லாவற்றையும் மக்கள் இந்த அளவு அக்கறையோடு கொடுத்து வாங்கினால் சண்டையே இருக்காது என்றும் சொன்னார். சாட்சிகள் தலையசைத்தார்கள்.

"மிஸ்டர் மீரான் மைதீன், இந்த ரைஃபிளை இவர் கையில் நீங்கள் முழு மனதோடு கொடுக்கிறீர்களா?"

"கொடுக்கிறேன்."

"விதிப்படி மூன்று முறை கேட்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறீர்களா?"

"கொடுக்கிறேன்" என்றான்.

"இவர் இதை நல்லபடியாக வைத்துக்கொள்வார் என்று நம்பிக் கொடுக்கிறீர்களா?"

மீரான் வாயைத் திறந்தான். காயல்பட்டினத்தில் இந்நேரம் ஹாமித் மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருப்பார். மீரான் பச்சைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் மேல் தலை கவிழ்ந்து, சத்தமில்லாமல் அழுதான்.

அறையில் இருந்த எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். நஞ்சுண்டன் மேஜையைச் சுற்றி வந்து அவன் முதுகில் தட்டினார். "ஈஸி, மீரான். ஐ வில் டேக் கேர் ஆஃப் ஹெர்" என்றார். ஒரு சாட்சி கர்ச்சீப்பை நீட்டினார். உயரமான அதிகாரி குனிந்து, அடுத்த சீசனில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார்.

குழுத் தலைவர் பேனாவை எடுத்தார். தன் பணிக்காலத்தில் ஆயுதத்தின் மேல் இத்தனை பாசம் வைத்த ஒருவரைத் தான் பார்த்ததில்லை என்றும், இவர் உண்மையான வேட்டைக்காரர் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்றும் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.